கூட்டமும் வாசகரும்

நாவல் கைப்பிரதியோடு போனேன். பதிப்பாளர் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. "உங்களுக்கு எத்தனை வாசகர் இருக்காங்க?" என்றார். வாசகரையும் நாமே திரட்டிக்கொண்டு போகணுமாம். முதல் போடுகிறவரின் பயம் நம் தலையில்.

வாசகரைத் தேடிப்போவது இழுக்கு என்று சொல்ல வரவில்லை. விமர்சனத்துக்கென்றே 1959இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பா, புத்தகக் கட்டைச் சுமந்து கல்லூரி கல்லூரியாக அலைந்தவர். தன் 'சுதந்திர தாக'த்தை 1997இல் தானே வெளியிட்டார். சாகித்திய அகாதெமி விருது 2001இல், அவர் இறந்தபின் வந்தது. அவர் தேடியது சண்டைபோடுகிற வாசகரை, தலையாட்டுகிற கூட்டத்தை அல்ல.

முதலில் கூட்டம், பிறகு பிரதி என்றால் கூட்டத்துக்குப் பிடித்ததைத்தான் பேனா எழுதும். என் நாவலில் குலதெய்வத்தைத் திட்டுகிற கிழவி ஒருத்தி வருகிறாள். கூட்டத்துக்காக அவள் வாயை நான் அடைக்கணுமா? படித்துவிட்டு, "இந்த இடம் பொய்யி" என்று முகத்துக்கு நேரே சொல்லப் பத்துப் பேர் கிடைத்தால் போதும்.