பெயரிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்
யூதர்களின் வரலாற்று ஆவணங்களை எப்படி ரசிப்பது?

மாமல்லபுரம் கடற்கரைக்கும் யூதர்களின் துயர வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் 1375-ஆம் ஆண்டின் ஓர் உலக வரைபடத்தைப் பார்க்க வேண்டும். ‘கட்டலான் அட்லஸ்’ என்று பெயர். மத்தியதரைக் கடலின் மயோர்க்கா தீவில், கிரெஸ்கஸ் ஆபிரகாம் என்ற யூதரின் பட்டறையில் உருவானது என்பது அறிஞர்களின் கருத்து. அந்த நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அரச நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அந்த நூலகத்தின் ‘காலிக்கா’ இணையதளத்தில் காசில்லாமல் யாரும் பார்க்கலாம்.

இத்தகைய ஆவணங்களை ரசிப்பது என்றால் அழகை வியப்பது மட்டும் அல்ல. ஒரு மனிதருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பது. அதற்கு நான் நம்பும் வழி ஒன்றே: ஆவணத்தில் முதலில் பெயரைப் பாருங்கள். அது யாருடைய பெயர், எழுதியது யார் கை, அவராக வைத்துக்கொண்டதா, பிறர் திணித்ததா என்று கேளுங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

தோலில் வரைந்த கடல்

கட்டலான் அட்லஸ் ஆறு தோல் ஏடுகளால் ஆனது. முதல் இரண்டில் வானியலும் நாள்காட்டியும், மீதி நான்கில் உலகம். திரையில் திறந்ததும் படத்தை நன்றாகப் பெரிதாக்குங்கள். வடக்கு ஓரத்தில் ஒட்டக வணிகர் கூட்டம் தலைகீழாகப் போகும். பிழை என்று நினைக்க வேண்டாம். மேசைமேல் விரித்து, சுற்றி நடந்து படிப்பதற்காக வரைந்தது அது. செங்கடலுக்குச் சிவப்பே பூசியிருக்கிறார்கள். இஸ்ரவேலர் கடந்து போனதாக வேதம் சொல்லும் இடத்தில் சிவப்பு விட்டுப்போயிருக்கும். கிறிஸ்தவ அரசருக்கான படத்தில் யூத ஓவியர் தன் முன்னோர் நடந்த வழியை வரைந்திருக்கிறார் என்று நினைத்து அந்த இடத்தில் சற்று நில்லுங்கள்.

பிறகு நம் பக்கம் வாருங்கள். தீபகற்பமாக அடையாளம் தெரிகிற இந்தியா; கிழக்குக் கரையில் மயிலாப்பூரைச் சுட்டும் பெயர்; புனித தோமையாரைப் பற்றிய குறிப்பு. ‘செதெமெல்தி’ என்றும் ஒரு பெயர் உண்டு. அது மாமல்லபுரம்தான் என்பது சிலரின் ஊகம். இந்தக் கரைக்கு வந்தே இராதவர்கள், மார்க்கோ போலோ போன்ற பயணிகளின் விவரிப்பைக் கொண்டு நம் துறைகளுக்குப் பெயர் எழுதினார்கள்.

அந்தக் குடும்பத்தின் பெயர் என்ன ஆனது? கிரெஸ்கஸ் 1387-இல் இறந்தார். 1391-இல் ஸ்பெயின் முழுவதும் யூதர்கள் தாக்கப்பட்டபோது வன்முறை மயோர்க்காவையும் எட்டியது. அவர் மகன் யாஃபுதா கட்டாயமாக மதம் மாற்றப்பட்டார். அதன் பிறகு ஆவணங்களில் அவர் ஜவுமே ரிபெஸ். இதைத் தெரிந்துகொண்டு திரும்பவும் அட்லஸைப் பாருங்கள். உலகத்துக்கெல்லாம் பெயர் எழுதிய வீட்டில் ஒரு மகனுக்குத் தன் பெயரே இல்லாமல் போனது தெரியும்.

செம்பில் பொறித்த மரியாதை

எதிர்த்திசையில் ஒரு சான்று, நமக்கு மிக அருகில். கொச்சி மட்டாஞ்சேரியின் பரதேசி சினகாக் (யூதர் தொழுகைக்கூடம்) காக்கும் செப்பேடு, ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூத வணிகத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அளித்தது. எழுத்து வட்டெழுத்து, மொழி தமிழிலிருந்து அதிகம் விலகாத பழைய மலையாளம். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் தலைமையோடு 72 உரிமைகள். பகலிலும் விளக்கேந்திச் செல்லலாம், நடக்கும் வழியில் பாவாடை விரிக்கலாம், பல்லக்கும் குடையும் கொள்ளலாம். வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு முதலியவற்றின் தலைவர்கள் சாட்சி. ஒரு யூதரின் பெயர் நம் எழுத்தில், மரியாதையோடு, சாட்சிகளுடன் நிற்கிறது.

இப்படிப் பெயரைத் தேடிப் படிக்கக் கண்ணைப் பழக்க செங்கல்பட்டு மாவட்டமே போதும். மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்ட மண்டபத்துக்குப் போங்கள். ஒரே வடமொழிப் பாடல்கள் ஒரு சுவரில் பல்லவ கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் இருக்கின்றன. காலை வெயில் சாய்வாக விழும்போது ஒரு பட்டப்பெயரை இரண்டு சுவர்களிலும் தேடிப் பாருங்கள். எழுத்து மாறினாலும் பெயரைப் பின்தொடரும் திறமை அங்கே கைவரும். கி.பி. 849-ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகள் அரபியிலும் பஹ்லவியிலும் ஹீப்ரு எழுத்திலும் கையொப்பமிட்டிருப்பதைப் பார்க்கும்போது அந்தப் பழக்கம் உதவும்.

ஜோசப் ரப்பானின் செப்பேடு தப்பியது, மற்றவை தப்பவில்லை. 1662-இல் போர்ச்சுகீசியர் பரதேசி சினகாக்கைத் தாக்கி எரித்தார்கள். அடுத்த ஆண்டு டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பின்பே அது மறுபடி எழுந்தது.

கல்லறையில் போர்ச்சுகீசியப் பெயர்

கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையில் கல்லறைக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். குலச்சின்னம், பெயர், தேதி என்று அவை படிக்கும் வரிசையைக் கற்றுத்தரும். அதே கண்ணோடு சென்னை லாயிட்ஸ் சாலையில் உள்ள யூதர் கல்லறைக்குப் போங்கள். 1687-இல் இறந்த வைர வணிகர் ஜாக் டி பைவாவின் பெயர் இந்த ஊரின் யூத வரலாற்றில் முதல் வரிசையில் வருவது. யூதருக்கு ஏன் போர்ச்சுகீசியப் பெயர்? 1497-இல் போர்ச்சுகலில் யூதர்களுக்குக் கட்டாய ஞானஸ்நானம் நடந்தது. வெளியே கிறிஸ்தவப் பெயர், உள்ளே பழைய நம்பிக்கை என்று தலைமுறைகள் வாழ்ந்து, லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் தப்பிச் சென்றவர்களின் வழியாக மத்தியதரைக் கடல் பவளம் சென்னைக்கும், கோல்கொண்டா வைரம் ஐரோப்பாவுக்கும் போயின. சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியபோது ஆல்டர்மேன் எனப்பட்ட நகர மன்ற உறுப்பினர்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெருவில் நடக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

தாளில் திணித்ததும் தானே சூடியதும்

இருபதாம் நூற்றாண்டின் தாள்களில் பெயர் இன்னும் கொடுமையாகப் பேசும். 1938 அக்டோபர் முதல் நாஜி ஜெர்மனியில் யூதர்களின் கடவுச்சீட்டில், யூதர் என்பதைக் குறிக்கும் சிவப்பு ‘ஜே’ முத்திரை. 1939 ஜனவரி முதல், யூதப் பெயராக அரசு ஏற்காத பெயரைக் கொண்ட ஆண்கள் ‘இஸ்ரேல்’ என்றும், பெண்கள் ‘சாரா’ என்றும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய ஜெர்மன் உறை கையில் கிடைத்தால் அனுப்புநர் முகவரியைப் பாருங்கள். அந்த நடுப்பெயர் இருந்தால், ஒரு சட்டம் ஒருவரைத் தன் கையாலேயே எழுதவைத்த அவமானம் அது.

யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட சியோனிச இயக்கத்தின் ஆவணங்களில் இதற்கு நேர் எதிரானதைக் காண்கிறோம். 1948 மே 14-இல் இஸ்ரேல் நாடு உருவானதை அறிவித்த பிரகடனத்தில் கையெழுத்திட்ட தலைவர் பென் குரியோன், போலந்தில் பிறந்தபோது டேவிட் க்ரூன். தானே தேர்ந்த ஹீப்ருப் பெயர் புதிய வாழ்வின் அறிவிப்பு. அதே தராசில் மறுதட்டையும் வையுங்கள். 1948 போரில் 400-க்கும் மேற்பட்ட பாலஸ்தீனக் கிராமங்கள் மக்களை இழந்தன. பிரிட்டிஷ் காலத்து நிலப்படங்களில் இருந்த பல ஊர்ப் பெயர்கள் பின்வந்த படங்களில் இல்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர் இந்த வரலாற்றை முழுதாகப் பார்க்கவில்லை.

சேகரிக்க நினைப்பவர்களுக்கு

நாஜிகள் யூதர்களை அணியவைத்த மஞ்சள் நட்சத்திரமும் அவர்களின் முகாம்களைச் சேர்ந்த பொருளும் போலியாக ஏராளமாக விற்கப்படுகின்றன. யாருடையது, யார் கையிலிருந்து யாரிடம் வந்தது என்று எழுத்தில் சொல்ல முடியாத பொருளை வாங்காதீர்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருளும், 75 ஆண்டு கடந்த மதிப்புமிக்க கையெழுத்துப் பிரதியும் தொல்பொருள். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வாங்கியதற்குப் பெயர், ஊர், ஆண்டு, வந்த வழி எல்லாம் எழுதிய அட்டை ஒன்றை அன்றே இணையுங்கள்.

பணமே இல்லாமலும் இதில் இறங்கலாம். ஜெர்மனியின் ஆரோல்சென் ஆவணக் காப்பகம் நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்களின் கோடிக்கணக்கான தாள்களைக் காக்கிறது. முகாம் அட்டைகளில் உள்ள பெயர்களைப் படித்துத் தட்டச்சு செய்ய உலகெங்கும் தன்னார்வலர்களை அது அழைக்கிறது. ‘ஒவ்வொரு பெயரும் கணக்கில் வரும்’ என்பது அத்திட்டத்தின் பெயரின் பொருள். செங்கல்பட்டில் உட்கார்ந்தே செய்யலாம். நீங்கள் சரியாகத் தட்டச்சு செய்யும் ஒரு பெயரை, எங்கோ தன் பாட்டனைத் தேடும் ஒருவர் கண்டுபிடிக்க முடியும். சேகரிப்பவர் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பெரிய வேலை எனக்குத் தெரியாது.