வெளியே தெரியாத கிளிப்பும் தவறிப்போகும் வயதும்

பெண்ணாடம் பக்கத்தில் பல்லுக்குக் கிளிப்பு போடும் பேச்சு, பெரும்பாலும் வேலைக்கு நேர்காணல் வரும்போதோ வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கும்போதோதான் எழுகிறது. அதனால் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வியே, "வெளியே தெரியாத கிளிப்பு இருக்குங்களா?" என்பதாக இருக்கிறது. அந்தக் கூச்சம் நியாயமானதுதான். ஆனாலும் பல் சீரமைப்புக் கருவிகளை எடைபோடும்போது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது.

எந்தக் கருவியைப் போட்டாலும் வேலை நடப்பது எலும்பில். பல் வேரையும் தாடை எலும்பையும் ஒரு மெல்லிய நார்ச்சவ்வு பிணைத்திருக்கிறது. இலேசான அழுத்தம் விடாமல் இருந்தால், அழுந்தும் பக்கம் எலும்பு கரைகிறது, இழுபடும் பக்கம் புது எலும்பு ஊறுகிறது. இப்படிப் பல் நகர்வது மாதத்துக்கு ஏறத்தாழ 1 மி.மீ.தான். கல்யாணத் தேதி நெருங்குகிறதே என்று விசையைக் கூட்டினால் வலி கூடும், வேர் நுனி கரையும் அபாயமும் கூடும்.

உலோகக் கிளிப்பு இந்த வேலையை நிதானமாகச் செய்யும் கருவி. ஒவ்வொரு பல்லிலும் ஒட்டும் பிராக்கெட்டின் பள்ளத்தில் செவ்வகக் கம்பியைப் பொருத்தும் முறையை அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1928-இல் வெளியிட்டார். கம்பி உருண்டையாக இல்லாததால் பல்லின் தலையோடு வேரையும் திருப்ப முடிந்தது. 1970-களில் வந்த நிக்கல்-டைட்டானியம் கம்பி, வெகுவாக வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். அந்த முயற்சியே பல்லை மெல்ல இழுக்கிறது. மேலே ஏறி நிற்கும் தெத்துப்பல்லை இறக்கவும், முன்கடைவாய்ப் பல்லை எடுத்த இடைவெளியை மூடவும் உலோகக் கிளிப்புக்கு இணை இன்றும் குறைவு. குறைகளும் உண்டு. சரியாகத் துலக்காவிட்டால் பிராக்கெட்டைச் சுற்றி எனாமலில் வெள்ளைத் திட்டு விழும். சுற்றிலும் கரும்பு விளையும் இந்த ஊரில், ஒரு துண்டைக் கடித்து இழுத்தாலே பிராக்கெட் பெயர்ந்து வரும்.

கூச்சத்துக்கு மருந்தாக 1980-களின் பிற்பகுதியில் வந்தது பீங்கான் பிராக்கெட். அதைச் செய்வது அலுமினாவில். விருத்தாசலத்தில் பொம்மையும் மின்காப்பானும் சுட்டெடுக்கும் மண்கலவை வேறு. ஆனால் குணம் ஒன்றே: கெட்டி அதிகம், வளைந்து கொடுக்காது, தாங்க முடியாதபோது சட்டென்று உடையும். வாய்க்குள் இந்தக் குணத்துக்கு விலை இருக்கிறது. அலுமினா பல் எனாமலைவிடக் கடினமானது. மேல்பல் ஆழமாக இறங்கிக் கடிப்பவருக்குக் கீழ் முன்பற்களில் இதை ஒட்டினால், மேல்பல்லின் நுனி தேய்ந்துபோகும். கம்பி வழுக்கிச் செல்வதிலும் உராய்வு கூடுதல். ஆரம்பகாலப் பீங்கான் பிராக்கெட்டுகள் வேதிப்பிணைப்பால் பல்லோடு அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டதால், கழற்றும்போது எனாமலே சில்லாகப் பெயர்ந்த கதைகள் உண்டு. பின்னர் அடிப்பகுதியின் அமைப்பை மாற்றி அந்த ஆபத்தைப் பெருமளவு குறைத்தார்கள். மேல்வரிசை முன்பற்களுக்கு மட்டும், கடியைப் பார்த்து, கழற்றத் தெரிந்த கையிடம் போடுவதானால் எனக்கு மறுப்பில்லை. விலை அதிகம், ஆகவே வேலையும் உசத்தி என்று நம்பிப் போடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

1990-களின் இறுதியில் சந்தைக்கு வந்த அலைனர் என்னும் ஒளிபுகும் உறைகளைக் கழற்றிப் பல் துலக்கலாம், கரும்பும் கடிக்கலாம். நாளுக்கு 20 மணி நேரத்துக்குக் குறையாமல் போட்டிருந்தால்தான் பயன். அந்த ஒழுங்கு இல்லாதவருக்கு அது பணவிரயம்.

இந்தப் பளபளப்பில் நாம் மறந்துபோன கருவி ஒன்று உண்டு. கீழ்த்தாடை பின்தங்கி, மேல் முன்பல் தூக்கி நிற்கும் பிள்ளைக்கு, ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1970-களின் பிற்பகுதியில் உருவாக்கிய ட்வின் பிளாக் பொருத்தலாம். அக்ரிலிக் கட்டைகள் இரண்டும் சரிவாக முட்டிக்கொள்ள, வாயை மூடும்போதெல்லாம் கீழ்த்தாடை முன்னே வந்து நிற்கும். கருவி பருமனானது, முதல் வாரம் பேச்சு குழறும், பார்க்க அழகாக இருக்காது. அது செய்யும் திருத்தத்தில் பெரும்பங்கு பற்களின் நகர்வுதான், தாடை வளர்ச்சி சிறுபங்கே. இருந்தும், உடல் மளமளவென்று வளரும் பருவத்தில் அது தரும் உதவியை 22 வயதில் எந்தப் பீங்கானாலும் தர முடியாது. அந்த வயதில் பல்லை எடுத்துப் பின்னுக்குத் தள்ளலாம், கடுமையானால் தாடை அறுவை செய்யலாம். வேறு வழி குறைவு.

அதற்காக எட்டு வயதிலேயே ஆரம்பித்துவிட வேண்டியதில்லை. பத்ரி திருவேங்கடாச்சாரியும் சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் மதிப்பாய்வு, தூக்கிய முன்பல்லுக்குச் சிறுவயதில் தொடங்கி இரண்டு கட்டமாகச் செய்யும் சிகிச்சையையும் பதின்பருவத்தில் ஒரே கட்டமாகச் செய்வதையும் ஒப்பிட்டது. சீக்கிரம் தொடங்கியவர்களுக்கு விழுந்து முன்பல் உடைவது குறைந்தது. அது தவிர வேறு ஆதாயம் தென்படவில்லை. ஆகவே ஓடியாடி விழும் பிள்ளைக்கு முன்பல் அதிகம் தூக்கியிருந்தால் முன்கூட்டியே தொடங்கலாம். மற்றவர்களுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பார்த்தால் போதும். பெண்பிள்ளைகளுக்கு வளர்ச்சிப் பருவம் முந்தி வருவதால் அவர்களை முதலில் பார்க்க வேண்டும். வரன் வரும்வரை காக்கவைக்கப்படுகிறவர்களும் அவர்களே என்பது வேதனை.

கிளிப்பு கழற்றியபின் போடும் ரிட்டெய்னரைப் பற்றி யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. பல் ஓரிடத்தில் நின்றபிறகும் ஈறு நார்கள் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். ரிட்டெய்னரை இரவுதோறும் ஆண்டுக்கணக்கில் போடாதவருக்கு இரண்டு வருட உழைப்பும் வீணாகலாம். அதன் விலையையும், மாதாமாதம் விருத்தாசலமோ சிதம்பரமோ போய்வரும் செலவையும் முதல்நாளே கணக்கில் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மையான சிகிச்சை.

சிதம்பரத்தில் 1980-இல் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி இப்போது அரசின் பொறுப்பில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் பட்டியலில் பற்சொத்தையும் உண்டு. அதற்காக வாயைத் திறக்கச் சொல்லும் அதே நிமிடத்தில், மேல் முன்பல் கீழ்ப்பல்லை எத்தனை மில்லிமீட்டர் தாண்டி நிற்கிறது என்று ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்து, தேவைப்படும் பிள்ளையைச் சிதம்பரத்துக்கு அனுப்ப ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம்.