தொட்டால் பதில் வரவேண்டும்

சிதம்பரம் கனகசபையில் தினமும் முற்பகலில் ஸ்படிக லிங்கத்துக்கும் இரத்தினசபாபதிக்கும் அபிஷேகம் நடக்கிறது. இரத்தினசபாபதி, மாணிக்கத்தில் வடித்த சிறிய நடராஜர். தீட்சிதர் கற்பூர ஆரத்தியை முதலில் முன்பக்கம் காட்டும்போது உருவம் மங்கலாகத்தான் தெரியும். தட்டு முதுகுப்புறம் போனதும் சுடர் கல்லுக்குள் ஊடுருவி, திருமேனி முழுக்கச் சிவந்து கனலும். வழிபாட்டைக் கலை நிறுவல் என்று அழைத்தால் தீட்சிதர்களும் ஒப்பமாட்டார்கள், கலைஞர்களும் நெளிவார்கள். ஆனால் விளக்கு நின்ற இடம் மாறியதுமே கல்லும் வேறாகிவிடுகிறதே, அந்த வித்தையைத்தான் இன்று கணினியும் சென்சாரும் வைத்துக்கொண்டு உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பார்வையாளருக்குப் பதில் சொல்லும் நிறுவல் துறைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போல ஒன்று உண்டு: ஒலி-ஒளிக் காட்சி. 1952இல் பிரான்சின் ஷம்போர் அரண்மனையில் தொடங்கிய பழக்கம் அது. மதுரை திருமலை நாயக்கர் மகாலில் சிலப்பதிகாரமும் நாயக்கர் கதையும் அப்படித்தான் தூணுக்குத் தூண் நிறம் மாறி ஓடுகின்றன. அழகுதான். ஆனால் பார்க்கிறவர் இருமினாலும் எழுந்து போனாலும் காட்சிக்குக் கவலையில்லை. நான்கு சுவரிலும் வான்கோவின் ஓவியத்தை ஓடவிட்டு ‘மூழ்கும் அனுபவம்’ என்று டிக்கெட் விற்கும் கூடங்களும் இந்த வகையே. திரையைச் சுற்றிவளைத்துக் கட்டினால் மட்டும் அது பார்வையாளருக்குப் பதில் சொல்லிவிடாது.

பதில் சொல்லும் கல் நம்மிடம் முன்பே இருந்தது. நெல்லையப்பர் கோயிலிலும் சுசீந்திரத்திலும் இசைத்தூண்களைத் தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம் தரும். ஹம்பி விட்டலர் கோயில் தூண்களைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் சேதமில்லாச் சோதனை முறைகளால் ஆராய்ந்து 2008இல் கட்டுரை வெளியிட்டார்கள். தூணுக்குள் பொள்ளல் எதுவும் இல்லை, முழுக்கல்தான். தட்டும்போது அது நுண்ணியதாக வளைந்து அதிர்வதால் ஓசை பிறக்கிறது என்பது அவர்கள் கண்டது. தட்டித் தட்டியே கல் தேயும் என்பதால் ஹம்பியில் இப்போது தட்டத் தடை. பங்கேற்புக் கலையின் தீராத தலைவலி இது: தொடுவதற்காகச் செய்த பொருளைத் தொடுகையே தின்றுவிடும்.

மெக்சிகோவில் பிறந்த ரஃபேல் லோசானோ-ஹெம்மர் 2006இல் செய்த ‘பல்ஸ் ரூம்’ இந்தத் துறையில் தெளிவான படைப்பு. இருண்ட கூடத்தில் வரிசை வரிசையாகப் பழைய இழை பல்புகள். ஒருவர் ஒரு கைப்பிடியை இரு கைகளாலும் பற்றினால், அதற்கு அருகிலுள்ள பல்பு அவருடைய நாடித்துடிப்பின் வேகத்தில் மினுங்கும். கையை எடுத்ததும் எல்லா விளக்கும் ஒருகணம் அணைந்து, அந்தத் துடிப்பு அடுத்த பல்புக்கு நகரும். அடுத்தடுத்து ஆள் வர வர அது தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் வரிசையைவிட்டு விழுந்துவிடும். விளக்கக் குறிப்பு எதுவும் வேண்டாம். நம் துடிப்பு எது, முன்னால் வந்தவருடையது எது என்பது கண்ணுக்கே புரிகிறது.

நியூயார்க்கில் லா மான்டே யங்கும் மரியன் ஸசீலாவும் 1993 முதல் நடத்திவந்த ‘ட்ரீம் ஹவுஸ்’ என்ற ஒலி-ஒளி அறை இதற்கு எதிர்த்துருவம். அங்கே சென்சார் கிடையாது. மெஜந்தா வெளிச்சத்தில் மாறாத சுரங்கள் ஓயாமல் ஒலிக்கும். தலையைச் சற்றுத் திருப்பினால் காதில் விழும் சுரக்கலவையே வேறு. கேட்கிறவரின் கழுத்துதான் அங்கே வாத்தியம். இருவரும் இந்துஸ்தானி இசை மரபான கிரானா கரானாவின் பண்டிட் பிரான்நாத்தின் சீடர்கள் என்பதை அறிந்தால், தம்பூராவின் சுருதி அந்த அறைவரை போயிருப்பது வியப்பாக இராது.

கடலூரிலிருந்து வடக்கே, ஆரோவில்லில், ஆரேலியோ 2003இல் தொடங்கிய ‘ஸ்வரம்’ பட்டறை சுற்றுவட்டாரக் கிராமத்து இளைஞர்களைப் பழக்கி இசைக்கருவிகள் செய்கிறது. அங்கே செய்யப்படும் ஒலிக்கல் ஒன்று: கருங்கல்லில் இணையிணையாக ஆழமான வெட்டுகள். கையை நனைத்துக்கொண்டு மேலே தேய்த்தால் கல் முனகத் தொடங்கும். அழுத்தம் கூடினால் முனகல் பெருகும், கை காய்ந்தால் நின்றுவிடும். மின்சாரமே தேவைப்படாத இந்தக் கல், பல லட்ச ரூபாய் லேசர் காட்சியைவிட ஒரு குழந்தையை அதிக நேரம் பிடித்து நிறுத்தும்.

கடற்கரையில் வைக்கும் நிறுவலுக்கு முன்மாதிரி குரோஷியாவின் ஸதார் நகரம். கட்டடக் கலைஞர் நிகோலா பாஷிச் 2005இல் கரையோரப் படிகளுக்கு அடியில் 35 குழாய்களைப் பதித்தார். அலை தள்ளும் காற்றில் 70 மீட்டர் நீளப் படிக்கட்டே ஆர்கன் போல ஊதும். 2008இல் பக்கத்திலேயே 22 மீட்டர் விட்டத்தில் 300 கண்ணாடிப் பலகைகளைத் தரையில் பதித்தார். அவை பகலில் வெயிலைச் சேமித்து இரவில் வண்ணமாகக் காட்டுகின்றன.

இதையே கடலூரின் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் அப்படியே இறக்கினால் சில மாதங்களில் குழாய்க்குள் மணல்தான் இருக்கும். ஸதார் கல் கட்டிய கரை. இது நகரும் மணல். உப்புக்காற்று இணைப்புக் கம்பியைப் பச்சைபிடிக்க வைக்கும். இரைச்சல் இன்னொரு சிக்கல்: அலையோசை தாழ்ந்தது முதல் உயர்ந்தது வரை எல்லாச் சுரத்தையும் மூடிவிடும். ஸ்பீக்கரைப் பெரிதாக்கி அதை வெல்ல நினைப்பது வீண். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும் என்பதால், தூரத்துக் கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கர் கையசைவுக்குத் தாமதமாகவே பதில் தரும். காதை ஒட்டவைத்துக் கேட்கும் மரத்தூண், உள்ளங்கையில் அதிர்வு தரும் கைப்பிடி போன்றவையே இங்கே எடுபடும். அலை நேராக அடிக்கும் மணலைவிடக் கெடிலம் ஆற்றின் முகத்துவாரப் பக்கம் அவற்றுக்குப் பாதுகாப்பு.

சொல்வதற்கு இங்கே விஷயமும் உண்டு. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் இங்குள்ள புனித டேவிட் கோட்டையை வாங்கியபோது, பீரங்கியைச் சுட்டுக் குண்டு விழுந்த தூரம்வரை நிலம் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். அப்படிச் சேர்ந்தவை ‘குண்டு கிராமங்கள்’. ஒரு வெடிச்சத்தமும் தீப்பொறியும் எல்லை வரைந்த ஊர் இது. 2004 டிசம்பரில் சுனாமி வந்த கரையும் இதுதான். ஆகவே கடல் பொங்கும் ஓசையைத் திடீரென்று எழுப்பி யாரையும் திடுக்கிட வைக்கும் உத்திக்கு இங்கே இடமே இல்லை.

மாசி மகத்தன்று சுற்றுவட்டாரக் கோயில் சாமிகள் தீர்த்தவாரிக்கு இந்தக் கடற்கரைக்கு வரும்போது மைக் செட்டும் சீரியல் செட்டும் போடுகிறவர்கள், ஈரமணலில் வயர் இழுப்பது எப்படி, மழை வந்தால் எந்த இணைப்பை முதலில் கழற்றுவது என்பதையெல்லாம் கைப்பழக்கத்தில் அறிந்தவர்கள். நிறுவலை வடிவமைக்கிறவர்கள் முதல் நாளே அவர்களை உடன் வைத்துக்கொள்வதும், திறப்புவிழாச் செலவுக்கு நிகராக மூன்று வருடப் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குவதும் திட்ட மதிப்பீட்டிலேயே எழுதப்பட வேண்டியவை.