திண்டிவனத்து இரவும் பெயரற்ற மூவரும்

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைப் பற்றி எங்கே பேச்செழுந்தாலும், அதன் பின்னே ஒரு கதையும் எழுந்து வரும். ஆலய மேடையிலே அதைச் சொல்லுவர். ஆண்டு விழாவிலே அதைச் சொல்லுவர். டோரதி கிளார்க் வில்சன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1959-இல் வெளியிட்ட டாக்டர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கை வரலாறு அதைக் கடல் கடந்தும் பரப்பிற்று. கேட்போர் கண் கலங்குவர். கலங்கத்தான் வேண்டும். ஆனால், கண்ணீரைத் துடைத்துக்கொண்ட பிறகு அக்கதையை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்பதிலே தவறில்லையே, தோழர்களே!

ஆண்டு, 1890-களின் தொடக்கம். இடம், திண்டிவனத்து மிஷன் பங்களா. இராணிப்பேட்டையிலே 1870-இல் பிறந்து, அமெரிக்காவிலே படித்து, நோயுற்ற தாய்க்குத் துணையாக வந்திருந்த இளநங்கை ஐடா விளக்கருகே அமர்ந்திருக்கிறாள். கதவு தட்டப்படுகிறது. பார்ப்பன இளைஞர் ஒருவர் நிற்கிறார். வீட்டிலே மனைவி பிள்ளைப்பேற்று வலியால் துடிக்கிறாள். அவளுக்கு வயது 14. மருத்துவர் என் தந்தை, அவரை அழைத்துச் செல்லுங்கள் என்கிறாள் ஐடா. அந்நிய ஆடவன் என் மனைவியைத் தொடுவதா என்று திரும்பி நடக்கிறார் அவர். மீண்டும் கதவு தட்டப்படுகிறது; இம்முறை ஓர் இசுலாமியர். மூன்றாம் முறை, மற்றொரு மேல்சாதி இந்து. மூவருக்கும் ஒரே தேவை, மூவரிடமும் ஒரே மறுப்பு. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் பிணமாகியிருந்தனர்.

பிறகு நடந்ததை யாவரும் அறிவர். ஐடா மருத்துவம் பயின்று 1899-இல் கார்னெல் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. 1909-இல் செவிலியர் பயிற்சி. 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி. குடியாத்தம் சாலையிலே மரத்தடிகளில் நிறுத்தி நிறுத்தி மருந்து கொடுத்த அந்த அம்மையாரின் உழைப்பைக் குறைத்துப் பேசுபவன் மனிதனல்லன்.

நம் வழக்கு அம்மையாரோடு அன்று, கதை சொல்லிகளோடு. அந்த இரவைக் 'கடவுளின் அழைப்பு' என்கிறார்கள். ஒரு பெண்ணை மருத்துவப் படிப்புக்கு அழைப்பதற்கு மூன்று பெண்களைக் கொல்ல வேண்டியிருந்ததென்றால், அழைத்தவரின் அருளைப் பற்றி நாம் கொஞ்சம் ஐயுறலாம். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கதையிலே கதவைத் தட்டியவர்கள் ஆண்கள். தொடக்கூடாதென்று தீர்ப்புச் சொன்னவர்களும் ஆண்கள். செத்தவர்கள் மட்டும் பெண்கள். அவர்கள் கதைக்குள்ளே வரவே இல்லை. பெயரில்லை, பேச்சில்லை. "ஆண் மருத்துவர் வரட்டுமா? உயிர் முக்கியமா, ஊர்ப்பேச்சு முக்கியமா?" என்று அந்த 14 வயதுச் சிறுமியிடம் எவரேனும் கேட்டார்களா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எண்ணிப் பார்க்கவேனும் நூற்றாண்டுக்கு மேலாக இக்கதையைச் சொல்லி வருபவர்களுக்குத் தோன்றிற்றா?

அறியாமையே அவர்களைக் கொன்றது என்று கதையை முடிப்பதும் பிழை. அந்த மூவரும் அறியாதவர்களா? வீட்டுப் பேறு கைமீறிவிட்டது, மருத்துவம் வேண்டும் என்று அறிந்துதானே நள்ளிரவில் வெள்ளையர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்! அறிந்தார்கள், மனைவியின் உயிரை ஒரு தட்டிலும் குலத்தின் மானத்தை மறு தட்டிலும் வைத்தார்கள், மானம் கனத்தது. இதற்குப் பெயர் அறியாமை அன்று. பார்ப்பனரை மட்டும் சுட்டிவிட்டு நாம் நழுவவும் முடியாது. மூன்று வாசல்களிலும் ஒரே தராசுதான் தொங்கிற்று. ஆட்சியும் அத்தராசுக்கு வளைந்து கொடுத்தது. சென்னையிலே 1885-இல் பெண்களுக்கென எழுந்த மருத்துவமனை, 'சாதிப் பெண்டிர்க்கும் கோஷாப் பெண்டிர்க்கும்' உரியதென்று தன் பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்டது. கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பிறகு பெயர் மாறிற்று. கோஷா ஆஸ்பத்திரி என்ற பெயர் மக்கள் வாயிலே இன்னும் வாழ்கிறது.

சாதிப் பெண்டிர் அல்லாதார்க்கு? மருத்துவச்சி இருந்தாள். முடி திருத்தும் குலத்துப் பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்ட வேலை அது. சாதி வீட்டுப் பிள்ளையையும் அவளேதான் கையிலே ஏந்தினாள், கூலியாக நெல்லளந்தார்கள், திண்ணையில் உட்கார மட்டும் இடமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்து வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தோலைத் தொட்டுப் பதனிட்டவனையும் தள்ளி வைத்தார்கள். பிறக்கும் பிள்ளையின் தலையை முதலில் தொட்டவளையும் தள்ளி வைத்தார்கள். தோல் காலுக்கு வேண்டும், பிள்ளை குலத்துக்கு வேண்டும், தொட்ட கை மட்டும் தீட்டு! தீட்டென்று ஒதுக்கப்பட்ட கைக்கு எவன் கல்வி கொடுப்பான்? கொடுக்கவில்லை. அரிவாளால் கொடியறுத்து, இரணசன்னியால் பிள்ளை இறந்தால், அவள்மேலே பழி போட்டார்கள்.

'பாட்டி வீட்டிலேயே பத்துப் பெற்றாள்' என்று பெருமை பேசுவோர் இன்று மீண்டும் தலையெடுத்திருக்கிறார்கள். பத்தில் எத்தனை தங்கிற்று என்று அவர்களைக் கேளுங்கள். 2018-இல் திருப்பூரிலே, காணொளியைப் பார்த்து வீட்டிலே நடத்திய பேற்றில் ஓர் இளம்பெண் குருதி பெருகி மாண்டார். பேற்றுக்குப் பின் பெருகும் குருதி ஓரிரு மணி நேரத்திற்குள் உயிரைக் குடித்துவிடும். அதை நிறுத்த ஊசி மருந்து வேண்டும், பயின்ற கை வேண்டும், ஏற்றுவதற்குக் குருதி வேண்டும். திண்டிவனத்திலேனும் மூன்று முறை கதவு தட்டப்பட்டது!

அப்படியானால் மருத்துவமனை என்ற சொல்லுக்கு முன்னே கைகூப்பி நிற்பதா? அதுவும் பகுத்தறிவாகாது. ஐரோப்பாவிலே வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இரண்டு பேற்றுப் பிரிவுகள் இருந்தன. மருத்துவர்கள் பார்த்த பிரிவில், 10-க்கு ஒருத்தி என்னுமளவுக்குத் தாய்மார் காய்ச்சலால் மடிந்தனர்; மருத்துவச்சிகள் பயின்ற பிரிவில் சாவு அதைவிட மிகக் குறைவு. முதற்பிரிவில் சேர்க்கவேண்டாமென்று பெண்கள் மன்றாடினர். 1847-இல் இக்னாஸ் செம்மல்வைஸ் காரணத்தைக் கண்டார்: பிணமறுத்த கையோடு மருத்துவர்கள் பேறு பார்த்தனர். குளோரின் நீரில் கை கழுவச் செய்தார், சாவு சரிந்தது. பெரிய மருத்துவர்கள் அவரை நம்ப மறுத்தனர். பெண்கள் கண்டறிந்ததைப் பேராசிரியர்கள் காண மறுத்தனர் என்பதை நம் இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய தமிழ்நாட்டிலே வீட்டுப் பேறு ஏறத்தாழ மறைந்துவிட்டது. 2019–21 ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 100-க்கு 99-க்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நடந்தன. 2018–20 கணக்கிலே இந்தியாவில் ஓரிலட்சம் உயிர்ப்பேறுகளுக்கு 97 தாய்மார் இறந்தபோது, இங்கே 54. பெருமைப்படலாம். ஆனால் அதே கணக்கெடுப்பு, 100-க்கு ஏறத்தாழ 45 பேறுகள் அறுவையால் நடந்தன என்றும், தனியார் மருத்துவமனைகளில் அது 60-ஐயும் தாண்டிற்று என்றும் கூறுகிறது. உலக நலவாழ்வு நிறுவனமோ, 10-க்கு மேல் அறுவை கூடினாலும் சாவு குறைவதாகக் காணோம் என்று 2015-இல் அறிவித்தது. தேவையுள்ள இடத்திலே கத்தி உயிர்காக்கும் தோழன், மறுப்பாரில்லை. தேவையில்லாத இடத்திலே அதை அழைப்பவர் யார்? கட்டணம் ஒருபுறம் அழைக்கிறது. மறுபுறம் சோதிடன் அழைக்கிறான்! நல்ல நட்சத்திரம், நல்ல ஓரை பார்த்து, இத்தனை மணிக்கு இத்தனை நிமிடத்திற்கு வயிற்றைக் கிழியுங்கள் என்று பஞ்சாங்கம் அறுவை அரங்கினுள் நுழைந்துவிட்டது. குழந்தை சோதனைக் குழாயிலே உருவாகும் காலம் வருமென்று 'இனிவரும் உலக'த்திலே பெரியார் 1940-களிலேயே எழுதினார். 1978-இல் இங்கிலாந்திலே அது நடந்தும் விட்டது. குழாயை அவர் கண்டார். குழாயருகே நாழிகை பார்க்க ஒருவன் உட்கார்ந்திருப்பான் என்பதை அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். அவர் 1973 டிசம்பர் 24 அன்று கண்மூடியது இதே வேலூர் மருத்துவமனையிலேதான். மதத்தார் கட்டிய இடமாயிற்றே என்று அறிவியலை எவரும் அவருக்கு மறுக்கவில்லை, அவரும் மறுக்கவில்லை.

வீடா, பேறு நிலையமா, பெரிய மருத்துவமனையா என்ற கேள்விக்கு மேலைநாட்டில் வேறு விடைகளும் உண்டு. சிக்கலற்ற கருவுற்ற தாய்மார்க்கு, மருத்துவச்சிகள் நடத்தும் நிலையங்கள் ஏற்றவை என்று இங்கிலாந்தின் நலவாழ்வு வழிகாட்டிக் குழு 2014-இல் கூறிற்று. தேர்ந்த மருத்துவச்சி, விரைந்து வரும் வண்டி, அருகிலே அறுவை வசதி ஆகியவற்றை நம்பித்தான் கூறிற்று. நமக்கு அதற்கு நெருங்கிய வடிவம், இரவும் பகலும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமே. சிக்கலற்ற பேற்றுக்கு அதுவே உகந்தது என்பது என் கருத்து. அதன் பின்னே 108 வண்டியும் வட்ட மருத்துவமனையும் விழித்திருக்க வேண்டும். 2018-இல் மைய அரசு மருத்துவச்சிப் பணிக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தீட்டென்று தள்ளப்பட்ட தொழில், பட்டமும் பதவியும் பெறுகிறது, தாமதமாக!

ஆயினும் 'தேர்ந்தெடுத்தல்' என்ற சொல் ஆம்பூர்த் தெருக்களிலே என்ன பொருள் தருகிறது? தொழிற்சாலைப் பட்டியலில் பெயருள்ள பெண்ணுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, 2017 முதல் 26 வார ஊதிய விடுப்பும் சட்டத்தில் உண்டு. காலணியின் மேற்றோலை வீட்டிலே வைத்துத் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்ணோ எந்தப் பட்டியலிலும் இல்லை. வலி காணும் நாள்வரை தைக்கிறாள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் அரசு 18,000 ரூபாய் அளிக்கும் திட்டம் அவளுக்குக் கைகொடுக்கிறது. தவணையும் தாளும் தவறாமல் வந்தால். அணைக்கட்டு அல்லேரி மலையிலோ, 2023 மே மாதம் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைச் சாலையின்றித் தாய் சுமந்து நடந்ததை நாடே பார்த்தது. அத்தகைய மலையிலே வலிகண்ட பெண்ணிடம் போய், உன் விருப்பம் எது அம்மா என்று கேட்பதற்கு நமக்கு வாய் வருமா?

ஆகவே அடுத்த முறை திண்டிவனத்துக் கதையைக் கேட்கும் தோழர்கள், அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டாம். தங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்திற்குச் செல்லட்டும், இரவு பத்து மணிக்கு மேல். செவிலியர் இருக்கிறாரா, வண்டி எத்தனை நிமிடத்தில் வரும், மிக அருகிலே குருதி எங்கே கிடைக்கும் என்று கேட்கட்டும். பேற்று அறையிலே துணைக்கு ஒருத்தியை விடுகிறார்களா, வலியில் கத்துபவளை வைகிறார்களா என்பதை அங்கே பிள்ளை பெற்ற பெண்களிடமே கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி நமக்கு அனுப்பட்டும்.