ஒப்பாரியைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி?

தோழியின் கணவர் இறந்த சேதி கேட்டு, சிதம்பரத்தில் காட்டுமன்னார்கோயில் பஸ் ஏறிக் குமராட்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தெருமுனையிலேயே பறைச்சத்தம் கேட்கும். நெருங்க நெருங்க அதற்குள்ளிருந்து பெண்களின் குரல் பிரிந்து வரும். நகரத்தில் வளர்ந்தவர்களில் பலர் மாலையைப் போட்டுவிட்டு, தோழியின் கையை ஒரு நிமிடம் பிடித்துவிட்டு, பந்தலோரம் நாற்காலி தேடிப் போய்விடுவார்கள். உள்ளே நடப்பது வெறும் அழுகை என்ற நினைப்பு. அது பாட்டு, கட்டுக்கோப்பான பாட்டு. கேட்கப் பழகினால் துக்கத்தோடு அந்த வீட்டின் வரலாறும் காதில் விழும்.

புதிதாக ஆள் வரும்போது கேளுங்கள்

ஒப்பாரி காலையில் தொடங்கி ஒரே மூச்சில் போவதில்லை. இடையிடையே ஓயும். யாரோ தண்ணீர் கொடுப்பார்கள். எடுக்கும் நேரம் பற்றிப் பேச்சு நடக்கும். வெளியூரிலிருந்து ஒரு நாத்தனாரோ சித்தியோ வந்து இறங்கியதும் மறுபடி எழும்பும். வந்தவர் நேராகப் போய்த் தோழியைக் கட்டிக்கொள்வார்; தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து ஒப்புச் சொல்லி அழத் தொடங்குவார்கள். அந்தத் தொடக்கத்தைத் தவறவிடாதீர்கள். யார் யாருக்கு என்ன வேண்டும் என்பது அங்கேதான் தெரியும்.

முறையைப் பிடியுங்கள்

ஒவ்வொரு பாட்டிலும் முதலில் வருவது முறைச்சொல். மகள் அப்பா என்பாள், தங்கை அண்ணா என்பாள், கொழுந்தி மாமா என்பாள். கிடத்தியிருப்பது ஒரே ஆள்தான். ஆனால் அழுகிறவர் மாற மாற அவரும் மாறுகிறார். மகள் பாட்டில் நிழல் தந்தவர், தங்கை பாட்டில் சீர் கொண்டுவந்தவர், மனைவி பாட்டில் பாதி வழியில் விட்டுப்போனவர்.

இதில் தோழிக்கு என்று தனி இடம் கிடையாது. நடவில் ஒரே வரிசையில் பல வருஷம் குனிந்து நின்ற கூட்டாளியானாலும், உறவு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. அதனால் அவள் முறை வைத்துக்கொண்டு உள்ளே வருகிறாள். தோழியின் கணவர் 'அண்ணே' ஆகிறார். அண்ணன் என்று வாய் சொன்னதும் பாட்டில் தாய்வீடும் பொங்கல் வரிசையும் தானாக வந்து சேரும். அவள் அழுவது தோழிக்காகவா, எப்போதோ போன தன் கூடப்பிறந்தவனுக்காகவா என்று பிரிக்க முடியாது. தென்னாற்காட்டுக் கிராமங்களில் ஆய்வு செய்த மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசே, 2005இல் வெளிவந்த தம் நூலுக்கு 'செத்தவருக்காக யாரும் அழுவதில்லை' என்னும் பொருளில் பெயர் வைத்தார். அவரவர் இழப்பைத்தான் அவரவர் அழுகிறார்கள். ஆனால் சேர்ந்து அழுகிறார்கள். தோழிக்குக் கிடைக்கும் துணை அதுதான்.

இழுப்பைக் கவனியுங்கள்

அடிகள் பெரும்பாலும் இரட்டையாக வரும். முதல் அடியில் பொன் என்றால் அடுத்ததில் வெள்ளி. மற்றச் சொற்கள் ஏறக்குறைய அப்படியே நிற்கும். எதுகையும் மோனையும் அடிகளைக் கோத்துவிடும். அடி முடிவில் குரல் நீண்டு விம்மலாகும்போது மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். பாடுகிறவர் மூச்சு வாங்குவதும் அடுத்த அடியைக் கட்டுவதும் அந்த இழுப்புக்குள்தான்.

பல்லக்கு, பவழம், பட்டத்து யானை எல்லாம் வழிவழியாக வரும் சரக்கு. அவற்றுக்கு நடுவே திடீரென்று வாசலில் நிற்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் வரும், அடைக்காத நகைக்கடன் வரும், கொள்ளிடத்துத் தண்ணீர் ஏறிய வருஷம் வரும். பழைய அச்சு விலகி இந்த மனிதர் உள்ளே வரும் இடம் அது. காது அங்கே நிற்கட்டும்.

குற்றச்சாட்டுக்கு முகம் சுளிக்காதீர்கள்

ஆஸ்பத்திரிக்குப் பணம் தராத கொழுந்தன், பாகம் பிரிக்காத மாமனார், எட்டிப் பார்க்காத பிறந்தவீடு எல்லாம் பாட்டில் பேர் சொல்லாமல் வரும். சம்பந்தப்பட்டவர் பந்தலில்தான் உட்கார்ந்திருப்பார்; எழுந்து பதில் சொல்ல முடியாது. மற்ற நாளில் சொன்னால் சண்டையாகும் சொல், இன்று அழுகையாகிறது. இனி எந்த வீட்டில் எப்படி வாழப்போகிறோம் என்று தெரியாத பெண்ணுக்கு ஊர் முன்னால் வழக்குச் சொல்லக் கிடைத்த இடம் இது.

பறையையும் சேர்த்துக் கேளுங்கள்

வெளியே அடியின் வேகம் கூடினால் யாரோ முக்கியமானவர் வருகிறார் என்று பொருள். அந்தக் கைத்திறனை ரசிக்கும்போது, அது யார் மேல் சுமத்தப்பட்ட வேலை என்பதும் நினைவில் இருக்கட்டும். சாவுக்குப் பறையடிப்பது பிறப்பால் வரும் கட்டாயம் என்பதை இந்தக் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் எதிர்த்தவர் எல். இளையபெருமாள். அவர் தலைமையில் 1965இல் அமைந்த தீண்டாமை பற்றிய குழு 1969இல் அறிக்கை தந்தது. சில ஊர்களில் இன்று கீபோர்டும் மைக்கும் வைத்துக் கூலிக்கு ஒப்பாரி பாடும் குழுக்கள் வருகின்றன. குரல் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒலிபெருக்கியின் முன்னால் வீட்டுப் பெண்கள் வாயடைத்துப்போவதையும் பார்க்கலாம்.

நண்பரின் மனைவி இறந்திருந்தால்

தொல்காப்பியம் கணவனை இழந்தவள் நிலையைத் தாபதநிலை என்றும், மனைவியை இழந்தவன் நிலையைத் தபுதாரநிலை என்றும் இரண்டையும் துறையாக வைக்கிறது. புறநானூற்று 245ஆம் பாட்டு, மனைவியை இழந்த சேரமான் மாக்கோதை தானே பாடியது. இன்றைய சாவு வீட்டில் ஆணுக்கு அந்தப் பாட்டு இல்லை. உங்கள் நண்பர் சுடுகாட்டுச் செலவு பேசிக்கொண்டு வாசலில் நிற்பார். உள்ளே பெண்கள் அவர் பெயரைச் சொல்லி, இனி அவருக்கு யார் சோறு போடுவார் என்று அழும்போது அவர் முகத்தைப் பாருங்கள். பிறகு அந்தச் செலவுக் கணக்கை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ன செய்யலாம், எது கூடாது

செல்போனை எடுத்துப் பதிவு செய்யாதீர்கள். பாடத் தெரியாதவர் அந்த இழுப்பில் மட்டும் சேர்ந்துகொள்ளலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். கருமகாரியம் முடிந்தபின், "பெரியம்மா, அந்தப் பாட்டை ஒருமுறை பாடுங்க" என்று வீட்டுக்குள் கேட்காதீர்கள். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடுவது ஆகாது என்பார்கள். எழுத்தில் வேண்டுமென்றால் நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' இருக்கிறது. படிக்கும்போது அழுகிறவர் யார், யாருக்காக என்பதை முதலில் தெரிந்துகொண்டு பாட்டுக்குள் போங்கள்.