ஆக்கி முடிந்தால் பொருள் தயாரா?

படிவம் 4 கணினி அறிவியலில் ஜாவா படித்துவிட்டு, டிப்ளோமாவில் ஸ்பிரிங் பக்கம் போகிற பிள்ளைகள் திரும்பி வந்து கேட்கும் கேள்வி இது: "சார், கன்ஸ்ட்ரக்டர்லதான் எல்லாத்தையும் தயார் பண்ணணும்னு சொன்னீங்க. அப்படியேதான் எழுதினேன். ஓட விட்டா நல் பாயிண்டர் எக்செப்ஷன்னு விழுதே!"

பிள்ளை நம் குறிப்பை அப்படியே பின்பற்றியிருக்கிறது. குறை குறிப்பில்தான் இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் விளக்கம் எழுதும் நம்மில் பலர் தமிழ்நாட்டின் 11ஆம் வகுப்புக் கணினி அறிவியல் நூலின் கலைச்சொற்களை எடுத்துக்கொள்கிறோம். கிளாஸ் என்றால் இனக்குழு, ஆப்ஜெக்ட் என்றால் பொருள், கன்ஸ்ட்ரக்டர் என்றால் ஆக்கி. நல்ல சொற்கள்தாம். இனிஷியலைஸ் செய்வதற்கு மட்டும் 'தொடக்க மதிப்பிருத்தல்' என்கிறோம். சி++ நடத்தும் அந்த நூலுக்கு இது போதும். அங்கே ஆக்கி செய்யும் வேலை பெரும்பாலும் மாறிகளில் மதிப்பு வைப்பதுதான். அதையே ஸ்பிரிங்குக்கும் நீட்டி, "ஆக்கி ஓடி முடிந்தால் பொருள் தயார்" என்று நாம் எழுதிவிடுகிறோம். தப்பு இங்கேதான் ஆரம்பிக்குது.

டிபெண்டன்சி இன்ஜெக்ஷன் என்ற பெயரை மார்ட்டின் ஃபௌலர் 2004 ஜனவரிக் கட்டுரையில் பரவலாக்கினார். ஒரு பொருள் தனக்கு வேண்டிய துணைப்பொருளைத் தானே உருவாக்காமல், வெளியிலிருந்து பெற்றுக்கொள்வதுதான் அது. ஸ்பிரிங்கில் இந்த வழங்கும் வேலையைக் கன்டெய்னர் செய்கிறது. புலத்தின் வழியாக வழங்கினால் முதலில் ஆக்கியை ஓட்டிப் பொருளை உருவாக்கும். அதன் பிறகே புலங்களை நிரப்பும். மரம் நடாமல் மங்கு கட்ட முடியுமா? ஆகவே ஆக்கி ஓடும் நேரத்தில் அந்தப் புலம் வெறும் நல். அதைத் தொட்டால் பிழை விழத்தான் செய்யும்.

நம் நெகிரி செம்பிலானில், ரந்தாவ், சிலியாவ், லாபு பக்கம், தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய வீட்டுப் பிள்ளைகள் நிறைய. அவர்களிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். புது ஆளின் பேரைக் கிராணி பதிகிறார்: அது ஆக்கி. ஸ்டோரில் வெட்டுக்கத்தி கொடுக்கிறார்கள்: அது வழங்கல். கத்தியைத் தீட்டி வைத்துக்கொள்கிறார்: அது தயார்ப்படுத்தல். அப்புறம்தான் நிறையில் இறங்கி வெட்டு. பேர் பதியும் மேசையிலேயே "கத்தியைத் தீட்டு" என்றால், கையில் கத்தியே இல்லையே! பிள்ளை எழுதிய ஆக்கியில் நடந்தது இதுதான்.

இன்னொன்றும் கவனிங்க. தீட்டுவது ஒரு வேலை, மதிப்பு வைப்பது அல்ல. கிடைத்த துணைப்பொருளைக் கொண்டு விலைப்பட்டியலை ஏற்றுவது, அமைப்பு சரியா என்று சோதிப்பது எல்லாம் அப்படிப்பட்ட வேலைகள். 'தொடக்க மதிப்பிருத்தல்' என்ற சொல் இதைத் தாங்காது. 'தயார்ப்படுத்தல்' என்றே எழுதலாம்.

அந்த வேலைக்கான இடம்தான் போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் என்ற குறிப்பு. 2006இல் ஜாவா இஇ 5 உடன் வந்தது, ஸ்பிரிங் 2.5 முதல் அதை ஏற்கிறது. இந்தக் குறிப்புள்ள மெத்தடை, வழங்கல் முடிந்த பின், பொருள் வேலைக்கு இறங்கும் முன், கன்டெய்னர் ஒருமுறை அழைக்கும். பழைய குறிப்பைப் பார்த்து எழுதுவோர் கவனிக்க வேண்டியது: ஜாவா 11 (2018) முதல் இது ஜேடிகேயுடன் சேர்ந்து வருவதில்லை. இப்போது ஜகார்த்தா என்ற பெயரில் தனி நூலகமாகக் கிடைக்கிறது.

ஆனால் "நல் வந்தா போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் போடு" என்று மட்டும் சொல்லிக் கொடுப்பதும் சரியில்லை. அது நோயைப் பார்க்காமல் மாத்திரை கொடுப்பது மாதிரி. கட்டாயத் துணைப்பொருள்களை ஆக்கியின் அளவுருக்கள் வழியாகவே வாங்கச் சொல்கிறது ஸ்பிரிங் ஆவணம். கையில் கத்தியோடு வந்து பேர் பதிகிற ஆள் அங்கேயே தீட்டலாம் இல்லையா? இந்த வழியில் ஆக்கிக்குள் புலம் நல்லாக இருக்கும் சிக்கலே எழாது. அப்போதும் ஆக்கியை இலேசாக வைத்துக்கொண்டு, நேரம் பிடிக்கும் ஏற்றல் வேலைகளைப் போஸ்ட்கன்ஸ்ட்ரக்டில் வைக்கலாம்.

மாணவர்களே, "ஆக்கிக்குள் ஏன் நல்?" என்று கேட்டால் குறிப்பின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீங்க. வரிசையை எழுதுங்கள்: உருவாக்கல், வழங்கல், தயார்ப்படுத்தல், பயன்பாடு. புலவழி வழங்கலில் இரண்டாவது படி முதல் படிக்குப் பிறகுதான் என்ற காரணத்தையும் ஒரு வரியில் சேருங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஆக்கி முடிந்தால் பொருள் தயார்" என்ற வரி உங்கள் குறிப்பில் இருந்தால் இன்றே திருத்திவிடுங்கள். ஆக்கி முடிந்தால் பொருள் பிறந்திருக்கும், அவ்வளவுதான். அதன் கையில் கத்தி வந்துவிட்டதா என்று தனியாகப் பார்க்கணும்.