முன்பதிவும் விற்பனையும் ஒன்றாகுமா?

சில வாரங்களுக்கு முன், என்னிடம் பயின்ற பழைய மாணாக்கர் ஒருவர் ஆயர் ஈத்தாமிலுள்ள என் இல்லத்திற்கு வந்தார். சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் பிழைப்பவர். சொந்தமாகச் சிறு லாரி ஒன்று உடையவர். "ஐயா, புதிய மின்சார லாரிக் கம்பெனி ஒன்று முன்பணம் கேட்கிறது. பல்லாயிரம் பேர் பதிந்துவிட்டார்களாம். நானும் கட்டட்டுமா?" என்று வினவினார். அன்று அவருக்கு உடனே விடை கூற இயலவில்லை. ஆராய்ந்து கண்டதை ஈண்டு எழுதுகின்றேன்.

முதற்கண் சொற்பொருளைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் வேண்டும். வாங்க விருப்பம் தெரிவித்தல் ஒன்று. திருப்பிப் பெறத்தக்க சிறு முன்பணம் கட்டுதல் மற்றொன்று. முழு விலைக்கும் கட்டுப்பட்டு ஒப்பந்தம் செய்தல் வேறொன்று. வண்டியைப் பெற்றுச் சாலையில் ஓட்டுதல் இம்மூன்றினும் வேறானது. இந்நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி "விற்பனை" என்று பெயர் சூட்டுவதிலேதான் பிழை பிறக்கின்றது.

தோட்டப் பள்ளித் தலைமையாசிரியனுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஓர் ஆண்டு என் பள்ளியில் முதலாம் வகுப்பிற்குப் பெயர் கொடுத்தோர் 18 பேர். பள்ளி திறந்த நாளில் வந்தமர்ந்த பிள்ளைகள் 11 பேர். பெயர் கொடுத்தோர் 18 என்பது பொய்யன்று. ஆனால் அந்த 18-ஐ வருகைப் பதிவேட்டில் எழுதியிருப்பேனாயின், அது பொய்யாகியிருக்கும்.

இனி நடந்தவற்றை நோக்குவோம். அமெரிக்காவின் நிக்கோலா கம்பெனி, ஒரே மாதத்தில் 7,000 லாரிகளுக்கு முன்பதிவு கிடைத்ததென்றும், அவற்றின் மதிப்பு 230 கோடி டாலர் என்றும் 2016-இல் முழங்கிற்று. லாரி ஒன்றுக்குக் கேட்ட முன்பணமோ 1,500 டாலர். அதுவும் திருப்பிப் பெறத்தக்கது. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ ஒரு கோடியே ஐந்து இலட்சம் டாலரே வரும். 230 கோடி எங்கே, ஒரு கோடி எங்கே!

2018-இல் அக்கம்பெனி தன் லாரி ஓடும் படமொன்றை வெளியிட்டது. அது தன் விசையால் ஓடவில்லை, சரிவில் உருண்டு வந்தது என்பதைக் கம்பெனியே 2020-இல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நம் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுச் சாலையின் உச்சியிலிருந்து இயந்திரமில்லா வண்டியை விட்டாலும் அது ஓடத்தான் செய்யும்! முதலீட்டாளரை ஏமாற்றிய குற்றத்திற்காக நிறுவனர் டிரெவர் மில்டனுக்கு 2023-இல் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் கம்பெனி திவாலாயிற்று. அடுத்த மாதமே அதிபர் டிரம்ப் மில்டனுக்கு மன்னிப்பு அளித்தார். மன்னிப்பு அவர் தண்டனையைப் போக்கிற்று; சிறு முதலீட்டாளர் இழந்த பணத்தை மீட்டுத் தரவில்லை.

லார்ட்ஸ்டவுன் என்னும் கம்பெனியோ ஓர் இலட்சம் முன்பதிவு என்றது. பெரும் எண்ணிக்கையில் பதிந்திருந்த ஒரு நிறுவனத்திற்கு அவற்றை வாங்கும் வசதியே இருந்ததாகத் தோன்றவில்லை என்று 2021-இல் அக்கம்பெனியின் சொந்த விசாரணைக் குழுவே கூறிற்று. 2023-இல் அதுவும் திவாலாயிற்று.

அமெரிக்கக் கதை நமக்கேன் என்பார்க்குத் தமிழ்நாட்டையே காட்டலாம். நம் பாட்டன்மார் காலத்தில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த கிருஷ்ணகிரியில் ஓலா கம்பெனியின் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை உள்ளது. 2021 ஜூலையில் 499 ரூபாய் முன்பணத்திற்கு ஒரே நாளில் ஓர் இலட்சம் பேர் பதிந்தனர் என்று அது அறிவித்தது. வண்டி வழங்கத் தொடங்கியது அவ்வாண்டு டிசம்பரில். 2025 பிப்ரவரியில் 25,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றதாகக் கூறிற்று. இந்திய அரசாங்கத்தின் வாகனப் பதிவேட்டிலோ அம்மாதம் ஏறத்தாழ 8,600 வண்டிகளே காணப்பட்டன. பதிவு வேலை செய்யும் முகவர்களுடன் ஒப்பந்தம் மாறியதால் நேர்ந்த தாமதம் என்பது கம்பெனியின் விளக்கம். ஆனால் அதுவரை எவர் கைக்கும் வராத புதிய வகை வண்டிகளுக்கான பதிவுகளும் அவ்வெண்ணில் அடங்கியிருந்தமை பின்னர் வெளியாயிற்று. இங்கே தொழிற்சாலை உண்டு. ஓடும் வண்டிகளும் உண்டு. ஆதலின் இதனை முன்னவற்றோடு ஒன்றாக எண்ணுதல் நேர்மையன்று. எனினும் பதிவை விற்பனை என்ற குற்றம் குற்றமே.

முன்பதிவு என்பதே தீயதெனக் கொள்ளற்க. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, முன்னதாகவே பலரிடம் கையொப்பம் பெற்றார். அம்முறையன்றோ நமக்கு அந்நூலைத் தந்தது! ஆனால் அவர் கையொப்பத்தைக் காட்டிப் புகழ் தேடினாரில்லை. அச்சிட்ட நூலைக் கையில் கொடுத்தார். மேலும், மெய்யாகவே செய்வோரும் காலம் தவறுவதுண்டு. டெஸ்லா தன் மின்சார லாரியை 2017-இல் காட்டி, 2019-இல் உற்பத்தி தொடங்கும் என்றது. முதல் லாரிகள் பெப்சி கம்பெனிக்குக் கிடைத்தது 2022 டிசம்பரில்.

இவ்வாறிருக்க, கம்பெனி அனுப்பும் அறிக்கையை அப்படியே செய்தியாக்கும் வழக்கத்தை நம் இதழ்களும் விட்டொழித்தல் வேண்டும். "பதிந்தனர்" என்பதை "வாங்கினர்" என்று எழுதும் ஒரு சொல்லே ஓர் ஏழையின் சேமிப்பை இழக்கச் செய்யும்.

என் மாணாக்கருக்கு நான் கூறும் விடை இதுவே. நான்கு கேள்விகளைக் கேள்: கட்டும் பணம் திரும்புமா? திரும்புமெனில் எழுத்தில் உண்டா? அந்த லாரி சுமையேற்றி மேட்டில் ஏறியதைக் கண்டவர் எவர்? அரசாங்கப் பதிவேட்டில் இதுவரை எத்தனை ஏறியுள்ளன? இவற்றுக்கு விடை கிட்டும்வரை பழைய லாரியின் டயரை மாற்றி ஓட்டு. பணம் உன் கையில் இருக்கட்டும். வண்டி முதலில் வரட்டும்.